பச்சை நண்டு: அரிது

“கொடுவா இருக்கா?” என்று கேட்டால், “மடவை கீது, வா” என்பார் அந்த மீன்காரம்மா. “மடவை வேண்டாம்மா, கொடுவா இருக்கா?” என்றால், “கெழங்கான் கீது, வறுத்தா சோக்கா இருக்கும்” என்பார். மூன்றாவது முறையும் கேட்கிற ஆள் அந்தப் பக்கத்துக்காரர் அல்ல என்று தெரிந்துகொள்ளலாம். பழகியவர்கள் முதல் பதிலிலேயே கூடைக்குள் எட்டிப் பார்த்து, இருப்பதை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள்.

எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிற வழியில் படகுகள் கரையேறும் சின்னத் துறை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் சிமெண்ட் சாக்கை விரித்து, முன்னால் அலுமினிய அன்னக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மீன் விற்கும் பெண் என்றால் சினிமாவில் ஒரு வாய், ஒரு கொசுவம், ஒரு சண்டை காட்டுவார்களே, அது எதுவும் அவரிடம் கிடையாது. மெதுவாகத்தான் பேசுவார். துறையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த கிழவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்பார், ஆனால் நீ, வா, போ என்றுதான் பேசுவார். “இன்னா மேடம், இன்னிக்கு லேட்டா வந்துகினு கீற?” மேடம் என்று வேறு யார் கூப்பிட்டாலும் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவர் கூப்பிட்டால் வீட்டில் வைத்த பெயர் மாதிரி இருந்தது.

அவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வராது. அது மட்டுமல்ல, ‘தீர்ந்துபோச்சு’, ‘கிடைக்கல’, ‘காணோம்’ என்று அந்தச் சொல்லின் பங்காளிகள் எதுவுமே வராது. ஒருநாள் பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவரிடம் எகிறினார். “இருக்கா இல்லையா, ஒரு வார்த்தையில சொல்லேம்மா! நேரத்தை வீணாக்கிட்டு.” அக்கா நிதானமாக, “இன்னா சார் அவசரம்? எறா கீது, பாரு” என்றார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பிப் போனார். நான் சிரித்துவிட்டேன். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. “கூடை தொறந்துதானே கீது? கண்ணால பாத்துக்க வேண்டிதானே. அத்த என் வாயால எதுக்கு சொல்ல வெக்கணும்?” என்றார்.

ஏன் சொல்லக்கூடாது என்று ஒருமுறைதான் கேட்டேன். தண்ணீர்ப் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இங்க நின்னுகினு அப்டி சொன்னா அது கேட்டுகினு இருக்கும்” என்றார்.

எனக்கு அது புதிதும் அல்ல. என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். உளுத்தம்பருப்பு இருக்கிறதா என்று கேட்டால், “பாசிப்பருப்பு புதுசா வந்திருக்கு” என்பார். வியாபாரம் பண்ணுகிற இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, சொன்னால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவருடைய கட்சி. கேட்பதை விட்டுவிட்டு வேறு ஒன்றைச் சொன்னால் கேட்டது காலி என்று அர்த்தம். இது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். இந்த ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வேறு ஓர் இடத்தில் சொல்லியிருக்க வேண்டியபோது நான் சொல்லவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் திருவொற்றியூரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உலக நாடுகள் கூடி, பூமியில் உயிரினங்கள் அழிந்துகொண்டிருக்கிற வேகத்தை இரண்டாயிரத்துப் பத்துக்குள் நன்றாகக் குறைத்துக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தன. வாக்குக் கொடுத்தால் போதுமா? நிறைவேறுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். காட்டையும் கடலையும் முழுசாக எண்ண யாராலும் முடியாது. அதனால் சில அடையாளங்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றை மட்டும் விடாமல் கவனிப்பது என்று ஏற்பாடு. அவற்றுக்குக் குறிகாட்டிகள் என்று பெயர். உடம்பு முழுவதையும் அறுத்துப் பார்க்காமல் தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைக்கிறோமே, அதுதான். எங்கள் நிறுவனத்துக்கு வந்தது அந்தப் பெரிய வேலையில் ஒரு துளி. எண்ணூர்க் கழியில் வழக்கமாகக் கிடைக்கும் மீன், இறால், நண்டு என்று இருபத்திரண்டு பெயர்கள். மாதம் ஒருமுறை துறைக்குப் போய், தினமும் அங்கேயே இருக்கிற ஒருவரிடம் கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக் போட்டு, கீழே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏராளம், ஓரளவு, அரிது, இல்லை. நான்கு கட்டங்கள்.

துறையில் யாரைக் கேட்டாலும் அக்காவைத்தான் கை காட்டினார்கள். கழியில் எது, எந்த மாதம், எந்த மடுவில் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. மீனவர் சங்கத் தலைவர் நெடுநெடுவென்று வளர்ந்த கோபக்காரர். முதல் நாளே என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

“இந்தா பாரும்மா. ஆலைங்கள்ளேந்து சுடுதண்ணி வுடறான், சாம்பல் வுடறான். கழி செத்துகினு கீது. நாங்க வாயால சொன்னா எவனும் மதிக்க மாட்றான், காயிதம் கீதான்னு கேக்கறான். இப்ப நீ எழுதினா அது காயிதம். நாளைக்கு எங்களுக்குன்னு பேசறதுக்கு அது ஒண்ணுதான். கரீட்டா எழுது, இன்னா?”

எழுதுகிறேன் என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

டோல்கேட்டில் பஸ் பிடித்து எர்ணாவூரில் இறங்கி நடப்பேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், ரோட்டோரத்து இலைகளில் சாம்பல் படிந்திருக்கும். துறைக்குப் போய்ச் சேர்ந்தால் அக்கா சாக்கில் பாதியை எனக்கு ஒதுக்கித் தருவார். மீன் வாங்க வருகிறவர்கள் இடையில் வந்து போக, நான் பெயர்களை வாசிப்பேன்.

“மடவை?”

“கீது.”

“பச்சை நண்டு?”

“கீது.”

“எங்கேக்கா? போன மாசமும் கூடையில பார்க்கலையே.”

“தண்ணில கீது மேடம். நாளைக்கு வரும்.”

“வெள்ளை இறால்?”

“கருப்பு எறா வந்துகினு கீது பாரு, இம்மாம் பெருசு.”

நான் வெள்ளை இறாலுக்கு எதிரில் ‘அரிது’ என்ற கட்டத்தில் டிக் போடுவேன். பச்சை நண்டுக்கும் அப்படியே. ஏன் ‘இல்லை’ என்று போடவில்லை? காரணம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்று போட்டால் அதற்குத் தனியாக ஒரு சரிபார்ப்புப் படிவம் நிரப்ப வேண்டும். மூன்று பேரிடம் கேட்க வேண்டும், மூவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், நிறுவன டைரக்டர் கூப்பிட்டு ஆயிரம் கேள்வி கேட்பார், மறுபடி ஒருநாள் வெயிலில் வர வேண்டும். தவிர, கணக்கெடுப்புக்குக் கொடுத்த கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: தகவல் தருபவர் சொல்வதை அப்படியே பதிவு செய்க, சொந்தக் கருத்தைச் சேர்க்க வேண்டாம். அவர் இல்லை என்று சொல்லவில்லை. நான் எப்படி எழுத முடியும்? சோம்பேறிக்குக் கிடைத்த வசதியான சட்டம் அது.

சட்டத்தை நான் எவ்வளவு ஒழுங்காக மதித்தேன் என்பதற்கு இன்னொரு சம்பவம். படிவத்தின் முதல் பக்கத்தில் தகவல் தருபவரின் குடும்ப விவரம் கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். “கடல்ல கீறாரு” என்றார். தொழில் மீன்பிடிப்பு என்று எழுதிக்கொண்டேன். ஐந்தாறு மாதம் கழித்து துறையோரத்து டீக்கடைக்காரம்மாதான் சொன்னார். “அவ புருசனா? கட்டுமரம் கவுந்து பத்து வருசம் ஆவுது. பாடிகூட கரைக்கு வர்ல. இவ இன்னும் சாயங்காலம் ஆனா ஒரு சொம்பு தண்ணி வாசல்ல வெக்கறா, அவுரு கால் கழுவிகினு உள்ள வரட்டும்னு.” ஆபீசுக்குத் திரும்பியதும் அந்தக் கட்டத்தில் ஒயிட்னர் தடவி, ‘கணவர் இறந்துவிட்டார்’ என்று திருத்தினேன். அவர் சொன்னது ஒன்று, அதன் அர்த்தம் வேறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பக்கத்தைத் திருத்தத் தெரிந்த எனக்கு இரண்டாம் பக்கத்தைத் திருத்தத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பொய்தான், தோன்றியது.

நாளாக ஆக அக்காவின் கூடையிலிருந்து கழி மீன் குறைந்துகொண்டே வந்தது. விடிகாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து காசிமேட்டுக்குப் போய், கடல் மீனை ஐஸ் போட்டு வாங்கிவந்து, அதே சாக்கில், அதே இடத்தில் உட்கார்ந்து விற்க ஆரம்பித்தார். பத்து எட்டு வைத்தால் தண்ணீர். அதன் கரையில் உட்கார்ந்து வேறு தண்ணீரின் மீனை விற்பதில் அவருக்கு அவமானம் இருந்தது. ஐஸ் தெரியக்கூடாது என்று மேலே ஈரக் கோணியைப் போட்டு மூடிவைத்திருப்பார். ஒருநாள் நான் கோணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் நான் பெயர்களை வாசிக்கும்போது அவர் “கீது” என்று சொல்வதில் ஒரு நிம்மதி வந்தது என்று நினைக்கிறேன். புரிந்துகொள்கிற ஆளிடம் எதை எப்படிச் சொன்னாலும் சரிதான் என்ற நிம்மதி.

அவருடைய அந்தப் பழக்கத்தை நான் கேலி செய்வதாக யாரும் நினைக்கக்கூடாது. என்னால் முடியாது. மூன்றாம் வருஷம் எனக்கு ஐந்து மாதக் கர்ப்பம் கலைந்துபோனது. வீட்டில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, என்னென்ன இல்லாமல் போனது என்று எனக்கே எடுத்துச் சொன்னார்கள். மாமியார் அழுதார். ஆபீசில், “பரவாயில்ல, சீக்கிரமே போனது நல்லதுதான்” என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். இரண்டு மாதம் கழித்துத் துறைக்குப் போனேன். அக்கா என் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் சாக்கில் இடம் ஒதுக்கினார். நான் படிவத்தை எடுத்ததும் அதை வாங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தார்.

“இன்னிக்கு எழுத வேணாம். ஒக்காரு. அவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பிப் போய்கீது. அதுக்கு வழி தெரிஞ்சிபோச்சி. அப்பால வரும்.”

அந்த இரண்டு மாதத்தில் எனக்கு முதன்முதலாக அழுகை வந்தது அங்கேதான். மீன் வாடையும் லாரிச் சத்தமும் நடுவில் அரைமணி நேரம் அழுதேன். அவர் ஈ ஓட்டுகிற விசிறியால் எனக்கு வீசிக்கொண்டிருந்தார். போனதைப் போனது என்று சொல்லாத ஒரு மனுஷி உலகத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இதை எல்லாம் பெற்றுக்கொண்ட பிறகும் நான் செய்தது வேறு.

ஆபீசில் என் படிவங்கள் கம்ப்யூட்டரில் ஏறி ஒரு கோடாக மாறின. இடமிருந்து வலமாக, மேடு பள்ளம் அதிகம் இல்லாத கோடு. டைரக்டருக்கு அந்தக் கோட்டின் மேல் பிரியம். “மற்ற இடமெல்லாம் சரிஞ்சுட்டு வருது, நம்ம எண்ணூர் மட்டும் பாருங்க, ஸ்டெடி” என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் துறைக்கு வந்ததே கிடையாது. எங்கள் கோடு மாநிலத்துக்குப் போய், அங்கே மற்றக் கோடுகளோடு சேர்ந்து, டெல்லிக்குப் போய், அங்கிருந்து எங்கோ வெளிநாட்டில் ஒரு பெரிய மேசைக்குப் போகும் என்றார். அந்த மேசையில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து, இந்தியாவில் ஒரு கழியாவது பிழைத்துக்கிடக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கக்கூடும். பச்சை நண்டைக் கண்ணால் பார்த்து எனக்கு அப்போது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான்காம் வருஷம், ஒரு கம்பெனி கழிக்குள் இன்னொரு சுடுதண்ணீர்க் குழாய் இறக்க அனுமதி கேட்டது. மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் நிறுவனத்துக்கும் அழைப்பு வந்தது. டைரக்டரும் நானும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் அதிகாரிகள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் துறைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக. நடுவில் அக்கா, துவைத்து மடித்த புடவையில்.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்துக் கத்தினார். “கழில பாதிக்கு மேல மீனே இல்ல சார்! நண்டு இல்ல, எறா இல்ல. இன்னொரு குழா வந்துச்சின்னா நாங்க வலைய வித்துட்டு மூட்ட தூக்கத்தான் போவணும்.” கூட்டம் கை தட்டியது. கம்பெனி சார்பில் வந்திருந்த ஆலோசகர் மரியாதையாக எழுந்து, திரையில் ஒரு அட்டவணையைப் போட்டார். மாநில அறிக்கையிலிருந்து எடுத்த எங்கள் அட்டவணை. இருபத்திரண்டு பெயர்கள், நான்கு வருஷம், ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக்கூட கிடையாது. கீழே, கடைசிப் படிவத்தில் இருந்த என் கையெழுத்து. பக்கத்தில், தகவல் தந்தவர் என்ற இடத்தில், முதியோர் கல்வி வகுப்பில் கற்ற கோணல் எழுத்தில் அக்காவின் கையெழுத்து.

“இது எங்க கணக்கு இல்லைங்க. உலக அளவுல உயிரினங்களைக் கண்காணிக்க எடுத்த பதிவு. தகவல் கொடுத்தது இதே துறையில மீன் விற்கிற ஒரு அம்மா” என்றார்.

மண்டபம் திரும்பி அக்காவைப் பார்த்தது. அதிகாரி அவரைக் கூப்பிட்டு, மைக்கைக் கொடுக்கச் சொன்னார்.

“அம்மா, இது உங்க கையெழுத்துதானே? பயப்படாம சொல்லுங்க. கழியில பச்சை நண்டு இருக்கா, இல்லையா?”

“சொல்லுக்கா! இல்லன்னு சொல்லு!” என்று பின்னாலிருந்து பத்துக் குரல்கள்.

அக்காவின் தாடை அசைந்தது. மைக்கில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அந்தச் சொல்லைச் சொல்ல முயற்சி செய்தார் என்று நான் சத்தியம் செய்வேன். அது வரவில்லை. பிறகு அவர் கண்கள் வரிசை வரிசையாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தன. அவர் முகம் தெளிந்தது.

“எங்கிட்ட கேக்காதீங்க சார். தோ, ஒக்காந்துகினு கீதே, அந்த மேடத்த கேளுங்க. மாசாமாசம் வந்து என் கூடைய பாத்துகினுதான் எழுதிச்சி. நான் சொன்னா அது இன்னான்னு அதுக்கு தெரியும்.”

நான் எழுந்து நின்றேன். டைரக்டர் உதடு அசையாமல், “பார்த்துப் பேசுங்க. நாலு வருஷ வேலை” என்றார். நாலு வருஷமும் தெரிந்தே தப்பாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ப்ராஜெக்ட் போகும், வேலை போகும், எல்லோர் முன்னாலும் நான் பொய்க்காரி ஆவேன். சொல்லியிருந்தால் குழாய் நின்றிருக்குமா என்று கேட்டால், அதற்கு உறுதி எதுவும் கிடையாது. ஆனால் அக்கா மைக்கைப் பிடித்தபடி, இதோ இவள் சொல்லிவிடுவாள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்க சொன்னதை அப்படியேதான் எழுதினேன் சார்” என்றேன்.

“நன்றி. உட்காருங்க” என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டார்.

அக்கா மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நேராக வெளியே போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. அவர் போக வழி விட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து துறையில் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று டீக்கடைக்காரம்மா பிறகு சொன்னார். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அவர் சொன்னதை எழுதுகிறவள்தானே நான், பாவம், என்ன செய்வேன்.

அடுத்த மாதமும் படிவம் இருந்தது. போகாமல் இருக்க என்னென்னவோ யோசித்தேன், கடைசியில் போனேன். அனுமதி கிடைத்துவிட்டிருந்தது, குழாய்க்கான இரும்பு உருளைகள் துறைக்கு எதிர்க்கரையில் வந்து இறங்கியிருந்தன. அக்கா அதே இடத்தில் இருந்தார். அவரைச் சுற்றி உட்காரும் மற்றப் பெண்கள் தங்கள் கூடைகளோடு தள்ளிப் போயிருந்தார்கள். சாக்கில் எனக்கு இடம் ஒதுக்கத் தேவையிருக்கவில்லை, சுற்றிலும் இடம்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேலையப் பாரு மேடம். பேரைப் படி.”

படித்தேன்.

“கொடுவா?”

“இல்ல.”

என் பேனா நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சாதாரணக் குரல்தான், கோபம் ஒன்றும் தெரியவில்லை.

“எழுது. அடுத்தது.”

“மடவை?”

“இல்ல.”

“அக்கா, கூடையிலயே ரெண்டு மடவை இருக்கே.”

“அது காசிமேட்டுல வாங்கினது. நீ கழியத்தானே கேக்கற? கழில இல்ல. அடுத்தது படி.”

கிழங்கான், இல்ல. ஊடான், இல்ல. கெளுத்தி, இல்ல. இருபத்திரண்டு முறை கேட்டேன், இருபத்திரண்டு முறை சொன்னார். தண்ணீர் பத்து எட்டில் இருந்தது, அவர் குரலைத் தாழ்த்தவில்லை. இருபத்திரண்டும் உண்மையா என்றால், நாலைந்து வகை அப்போதும் எப்போதாவது வலையில் விழுந்துகொண்டுதான் இருந்தன. இனிமேல் எதையும் பிடித்துவைத்துக் காப்பாற்ற வேண்டாம் என்று அவர் விட்டுவிட்டார். கடைசியில் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

“நான்தான் தப்பா நெனச்சுகினு இருந்தேன் மேடம். எனுக்கு வராத வார்த்தைய நீ சொல்லுவன்னு.”

பஸ்ஸில் வரும்போது எனக்குள் ஒரு வெறி இருந்தது. இந்தத் தடவை மூன்று பேரிடம் அல்ல, முப்பது பேரிடம் கையெழுத்து வாங்குவது, கோட்டை உடைப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். டைரக்டர் படிவத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை, சிரித்தார்.

“ஒரே மாசத்துல இருபத்திரண்டும் காணாம போகுமா? அந்தம்மா கூட்டத்துல நடந்ததுல வந்த கோபத்துல சொல்லியிருக்காங்க. இதைக் கணக்குல சேர்த்தா நம்ம மொத்தத் தொடரும் சந்தேகத்துக்கு ஆளாகும். இப்படித் தனியாத் துருத்திக்கிட்டு நிற்கிற எண்ணை எடுத்துடறதுதான் முறை. போன மாசத்தையே பார்த்து ஒரு படிவம் போட்டு, கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க.”

முப்பது பேரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. போன மாதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிக்குகளை ஒவ்வொன்றாகப் புதுப் படிவத்தில் போட்டேன். பச்சை நண்டு, அரிது. வெள்ளை இறால், அரிது. அக்கா உண்மையைச் சொன்ன அந்த ஒரே படிவத்தை டைரக்டர் இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கோடு அந்த மாதமும் நேராகப் போயிற்று.

கையெழுத்து பாக்கியிருந்தது. மறுபடி துறைக்குப் போய் அவர் முன்னால் அந்தப் படிவத்தை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நான்கு வருஷமாகப் பார்த்துப் பழகிய கையெழுத்து அது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, என் மேசையில் உட்கார்ந்து, அவருடைய பெயரை அதே கோணலோடு, அதே அழுத்தத்தோடு நானே போட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நீங்கள் கவனித்திருப்பீர்கள், இதில் எங்கேயும் நான் அவர் பெயரை எழுதவில்லை. ஒருமுறை எழுதிவிட்டேன். அது போதும்.